மெடிக்கல் கடையில் பிரஷர் பார்ப்பது: எதுவரை நம் வேலை?

வேப்பமரத்தடி:

வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டி.பார்ம் முடித்து கடையில் நிற்கத் தொடங்கி 22 வருடம் ஆகிறது.

போன ஆவணியில் சுமை தூக்கும் அண்ணன் ஒருவர் ஒரே வாரத்தில் மூன்றாவது தடவையாகத் தலைவலி மாத்திரை கேட்டு வந்தார். வயது 46. உட்காரச் சொல்லி பிரஷர் பார்த்தேன். 190/110. கருவிதான் தவறோ என்று பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தேன், 186/108. "எனக்கெல்லாம் பிரஷர் வராது தம்பி, நான் மூட்டை தூக்கறவன்" என்றார். கடைப் பையனை பைக்கில் கூட அனுப்பி அரசு ஆஸ்பத்திரியில் காட்ட வைத்தேன். இப்போது அங்கேயே மாதா மாதம் மாத்திரை வாங்குகிறார். கடையைத் தாண்டிப் போகும்போது கையைக் காட்டிவிட்டுப் போவார்.

அதற்கப்புறம் கடை ஓரத்தில் ஒரு முக்காலி போட்டு, கருவியை நிரந்தரமாக வைத்துவிட்டேன். காசு வாங்குவதில்லை. இப்போது பிரச்சினை வேறு. சிலர் தினமும் வந்து கையை நீட்டுகிறார்கள். சிலர் "கூடியிருக்கா? அப்ப பவரு கூட்டி ஒரு மாத்திரை கொடுங்க" என்கிறார்கள். நான் கொடுப்பதில்லை, அதனால் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகிறவர்களும் உண்டு. அளந்து சொல்வதோடு நம் வேலை முடிந்ததா, இல்லை அதற்கு மேல் ஏதாவது செய்ய வேண்டுமா? மற்ற கடைக்காரர்களும் டாக்டர்களும் சொல்லுங்கள்.

நூல்கண்டு:

அண்ணே, உங்களைக் குறை சொல்லவில்லை. என் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஒருநாள் ஷிப்ட் முடித்து, வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து, ஒரு கடையில் சளி மாத்திரை வாங்கினேன். கல்லாவுக்கு முன்னால் நின்றபடியே, சட்டைக் கையைக்கூட மடக்காமல் பட்டையைச் சுற்றி அளந்தார்கள். 162 என்றார் அந்தப் பையன். கீழே எவ்வளவு என்று சொல்லவில்லை. "உடனே டாக்டரைப் பாருங்க, இது டேஞ்சர்" என்றார்.

மூன்று நாள் தூக்கம் இல்லை. எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். அப்புறம் இஎஸ்ஐ மருந்தகத்தில் உட்கார வைத்துப் பார்த்தபோது 124/80. அடுத்த வாரமும் அதே அளவுதான். அந்த மூன்று நாள் பயத்துக்கு யார் பொறுப்பு? அளக்கத் தெரியாதவர்கள் அளக்காமல் இருப்பதே நல்லது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கீழ்வானம்:

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருக்கிறேன். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

வேப்பமரத்தடி அண்ணே, அந்தச் சுமை தூக்குபவருக்குத் தலைவலி வந்தது அவருடைய நல்ல காலம். பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 கணக்குப்படி 30 முதல் 79 வயதுக்குள் 140 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது, அவர்களில் 44 சதவீதம் பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. நம் மாநிலத்தில் 2020-ல் எடுத்த, தொற்றாநோய்களுக்கான ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் பிரஷர் உள்ளவர்களில் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். வீட்டுக்கே வந்து பார்க்கும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு எடுத்த அடுத்த சுற்றில் அது 17 ஆனது. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் நூறில் எண்பத்து மூன்று பேர் வெளியே நிற்கிறார்கள். அவர்களில் பலர் என் ஓ.பி.க்கு வருவதில்லை, உங்கள் கடைக்கு வருகிறார்கள். அதனால் அளக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் நூல்கண்டு தம்பிக்கு நடந்தது அளவீடே இல்லை. சைக்கிள் மிதித்து வந்தவரை ஐந்து நிமிடமாவது பேசாமல் உட்கார வைக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்கணும், இரண்டு பாதமும் தரையில் படணும், கால் மேல் கால் போடக்கூடாது, கை இதயத்தின் உயரத்தில் ஒரு மேசை மேல் இருக்கணும். பட்டை வெறும் தோலில் படவேண்டும். அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் காபி, டீ, பீடி, சிகரெட் கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலே அளவு ஏறும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். முதல் தடவை வருகிறவருக்கு இரண்டு கையிலும் பார்த்து, எதில் அதிகமோ அந்தக் கையிலேயே அடுத்தடுத்து பார்ப்பது நல்லது. பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் இல்லாத பிரஷரை இருப்பதாகக் காட்டும். பல கடைகளில் கருவியோடு வந்த ஒரே பட்டைதான் எல்லாக் கைக்கும்.

இன்னொன்று. ஒருநாள் 140/90-க்கு மேல் இருந்தால் அது வியாதி என்று ஆகிவிடாது. வேறு வேறு நாளில் மறுபடி பார்த்துத்தான் முடிவு செய்வோம். அமைதியாக உட்கார்ந்து வீட்டில் பார்ப்பவர்களுக்கு 135/85 என்பதே எல்லை. இதைக் கடையில் நிற்பவர் நிதானமாகச் சொல்லியிருந்தால் தம்பிக்கு அந்த மூன்று இரவுத் தூக்கம் போயிருக்காது.

கடைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். "150 இருந்துச்சாம் டாக்டர்" என்று வாய்மொழியாக ஆளை அனுப்பாதீர்கள். ஒரு துண்டுச் சீட்டில் தேதி, நேரம், மேல் எண், கீழ் எண், எந்தக் கை, இப்போது எந்த மாத்திரை வாங்குகிறார் என்று எழுதிக் கொடுங்கள். எனக்கு அதுவே பாதி வேலை.

கரிசல்காடு:

டாக்டரம்மா, நீங்கள் சொல்வது எல்லாக் கடையும் வேப்பமரத்தடி கடை மாதிரி இருந்தால் சரி. சுவரில் ஒருவருடைய சான்றிதழ் மாட்டியிருக்கும், கல்லாவில் பன்னிரண்டாவது முடித்த பையன் நிற்பான். பார்மசி சட்டத்தின் 42-வது பிரிவு 1948-லேயே பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்கிறது. எத்தனை ஊரில் நடக்கிறது?

என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு டாக்டர் பிரஷருக்கு டெல்மிசார்டன் எழுதியிருந்தார். கால் வலிக்குப் பார்த்த இன்னொரு டாக்டர், பிரஷர் கூடியிருக்கிறது என்று டெல்மிசார்டனும் அம்லோடிபினும் சேர்ந்த மாத்திரையை வேறு கம்பெனிப் பெயரில் எழுதினார். இரண்டு சீட்டையும் ஒரே கடையில், ஒரே நேரத்தில்தான் கொடுத்தோம். இரண்டையும் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எட்டாவது நாள் அம்மா விடியற்காலையில் எழுந்து பாத்ரூம் போகும்போது தலைசுற்றி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் சின்ன எழுத்தில் இரண்டிலும் ஒரே மருந்தின் பெயர். அதைப் படிக்கத் தெரிந்த ஆள் கடையில் இருந்திருந்தால் அம்மா விழுந்திருக்க மாட்டார். முதலில் இருக்கிற வேலையை ஒழுங்காகச் செய்யட்டும், அப்புறம் பிரஷர் பார்க்கட்டும்.

வேப்பமரத்தடி:

கரிசல்காடு ஐயா, உங்கள் அம்மாவுக்கு நடந்ததற்கு எங்கள் தொழிலில் இருக்கிற யாரும் சாக்குச் சொல்ல முடியாது. இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதற்காகத்தான் எங்களைப் படிக்க வைத்தார்கள். மருந்தாளுநர் நோயாளிக்கு விளக்கிச் சொல்லித்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்று 2015-ல் வந்த பார்மசி பிராக்டிஸ் விதிமுறைகளிலும் இருக்கிறது. அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்?

டாக்டர் அக்கா சொன்னதைப் படித்துவிட்டு நேற்றே இரண்டு வேலை செய்தேன். முக்காலியை எடுத்துவிட்டு முதுகு சாய்கிற நாற்காலி போட்டேன், பெரிய பட்டை ஒன்று வரச் சொல்லியிருக்கிறேன். மாலை ஆறு முதல் ஒன்பது மணிவரை கூட்டம் நெரியும், அப்போது அளக்க மாட்டேன் என்று எழுதி ஒட்டிவிட்டேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் வரச் சொல்கிறேன். அந்த நேரத்தில் ஐந்து நிமிடம் உட்கார வைத்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

ஈஸ்ட்ஹாம் தமிழன்:

லண்டனில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். இங்கே 2021 அக்டோபரில் இருந்து இங்கிலாந்து முழுக்க இது அரசுத் திட்டம். 40 வயதைத் தாண்டிய, இதுவரை பிரஷர் என்று சொல்லப்படாத யாருக்கும் கடையிலேயே அளக்கலாம். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், 24 மணி நேரமும் கையில் கட்டிக்கொண்டிருக்கும் கருவியைக் கொடுத்து அனுப்புவோம். பகலில் அரைமணிக்கு ஒருமுறை அதுவே அளந்துகொள்ளும். நூல்கண்டு தம்பிக்கு நடந்த மாதிரியான பயத்தை அந்த ஒருநாள் அளவு தீர்த்துவிடும். முடிவு குடும்ப டாக்டருக்குப் போகும். 180/120-ஐத் தொட்டால் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்புவோம்.

கரிசல்காடு ஐயாவின் கவலைக்கு இங்கே ஒரு பதில் இருக்கிறது. அளப்பதற்குக் கடைக்கு அரசு பணம் கொடுக்கிறது. தொடங்கும்போது கடையில் ஒருமுறை அளக்க 15 பவுண்டு, 24 மணி நேரக் கருவிக்கு 45 பவுண்டு. மாத்திரை விற்றால்தான் வருமானம் என்ற கட்டாயம் இல்லை. நம் ஊரில் வேப்பமரத்தடி அண்ணன் தன் நேரத்தைச் சும்மா கொடுக்கிறார், அது ஒருவருடைய நல்ல மனசை நம்பி நிற்கிற ஏற்பாடு. நாளை அவர் கடையை மூடினால் அந்த நாற்காலியும் போய்விடும்.

இன்னொரு விஷயம் சொல்ல ஆசை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸில் டாக்டர் ரொனால்ட் விக்டர் என்பவர் பிரஷர் உள்ள கறுப்பின ஆண்களை எங்கே பிடிப்பது என்று யோசித்து, முடிவெட்டும் கடைக்கு மருந்தாளுநர்களை அனுப்பினார். 52 கடைகள், 319 பேர். முடிவெட்டுபவர் அளந்து பேச்சுக் கொடுப்பார், மருந்தாளுநர் அங்கேயே வந்து, டாக்டரோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி மாத்திரையைக் கூட்டிக் குறைப்பார். ஆறு மாதத்தில் மேல் எண் சராசரியாக 27 குறைந்தது. டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று அறிவுரை மட்டும் கேட்ட இன்னொரு குழுவுக்கு 9.3 தான் குறைந்தது. 2018-ல் வெளியானது. அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தைப் பாருங்கள். "டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினால் எவ்வளவு கிடைக்கும், கூடவே நின்றால் எவ்வளவு கிடைக்கும் என்பது அதில் தெரிகிறது.

கீழ்வானம்:

அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன். ஆனால் மாத்திரையைக் கூட்டிக் குறைக்கிற அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நம் ஊர்க் கடைகள் இறங்கிவிடக் கூடாது. அங்கே டாக்டரின் எழுத்துப்பூர்வமான ஏற்பாடு இருந்தது, மருந்தாளுநர்களுக்குத் தனிப் பயிற்சி இருந்தது, ரத்தத்தில் உப்பு, கிட்னியின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் எல்லாம் பார்த்தார்கள். கனடாவின் ஆல்பர்ட்டாவில் கூடுதல் அனுமதி பெற்ற மருந்தாளுநர்கள் சீட்டே எழுதலாம், அதுவும் சட்டம் கொடுத்த அனுமதி. இங்கே அம்லோடிபினும் டெல்மிசார்டனும் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத ஷெட்யூல் ஹெச் மருந்துகள். கருத்தரிக்க வாய்ப்புள்ள ஒரு பெண்ணுக்கு டெல்மிசார்டனைத் தூக்கிக் கொடுத்தால் வயிற்றுக் குழந்தைக்கு ஆபத்து. "பவரு கூட்டிக் கொடுங்க" என்று கேட்பவரிடம் முடியாது என்று சொன்னீர்களே அண்ணே, அதை விட்டுவிடாதீர்கள்.

செங்காந்தள்:

தர்மபுரி பக்கம் மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலராக வேலை செய்கிறேன். பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி இந்தத் திட்டம் தொடங்கியது. எங்களில் பலர் மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்து வந்தவர்கள். வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்க்கிறோம், மாத்திரை கொடுக்கிறோம்.

எனக்குக் கைக்குச் சிக்காதவர்கள் நாற்பது, ஐம்பது வயது ஆண்கள். நான் போகும்போது கல் குவாரிக்கோ, ஓசூர் கம்பெனிக்கோ போயிருப்பார்கள். வேலை இடத்திலேயே பார்க்க 2024-ல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் வந்தது, ஆனால் சின்னச் சின்ன வேலை பார்க்கிறவர்கள் அதிலும் விடுபடுகிறார்கள். அவர்கள் சாயங்காலம் வரும் ஒரே இடம் மெடிக்கல்தான், உடம்பு வலிக்கு மாத்திரை வாங்க.

இன்னொரு சிக்கல், நான் கொடுக்கிற அம்லோடிபினும் சாப்பிட்டு, தனியார் டாக்டர் எழுதிய மாத்திரையைக் கடையிலும் வாங்கி, இரண்டையும் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது அரசாங்க மாத்திரை, இது டாக்டர் மாத்திரை என்று நினைக்கிறார்கள். என் நோட்டில் ஒன்று இருக்கும், கடையில் ஒன்று இருக்கும், இரண்டும் சந்திப்பதே இல்லை. அண்ணா, பிரஷர் மாத்திரை வாங்க வருகிறவரிடம் "வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுக்கிறாங்களா?" என்று ஒரு வார்த்தை மட்டும் கேளுங்கள்.

வேப்பமரத்தடி:

தங்கச்சி, இதை நான் யோசித்ததே இல்லை. நாளையிலிருந்து கேட்கிறேன்.

உடம்பு வலி மாத்திரை என்றதும் மனசில் இருப்பதைக் கொட்டிவிடுகிறேன். கடையில் நின்று பார்க்கிறவனுக்குத்தான் இது தெரியும். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், வேலை முடிந்து வந்து டைக்ளோஃபினாக்கோ அசிக்ளோஃபினாக்கோ வாங்கி வாரத்துக்கு ஐந்து நாள் போடுகிறார். அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் குறைக்கும். நீர் மாத்திரையும் டெல்மிசார்டன் மாதிரி மாத்திரையும் சாப்பிடுகிறவர் இந்த வலி மாத்திரையையும் சேர்த்தால் கிட்னிக்கே அடி. டாக்டரோ அளவு குறையவில்லை என்று இன்னொரு மாத்திரை எழுதுவார். வலி மாத்திரை பற்றி யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அது சீட்டில் இல்லை.

மூக்கடைப்புக்குக் கேட்கிற சளி மாத்திரைகளில் பல ஃபீனைல்எஃப்ரின் சேர்ந்தவை, அதுவும் ரத்தக்குழாயைச் சுருக்கும். தண்ணீரில் போட்டால் பொங்குகிற மாத்திரைகள், வயிற்று உப்புசத்துக்கான பொங்கும் பொடிகள் பலவற்றில் சோடியம் உண்டு. அப்புறம் அதிமதுரம். தொண்டைக்கு நல்லது என்று மாதக்கணக்கில் மென்றுகொண்டே இருந்த ஒரு ஆசிரியர் அம்மாவை எனக்குத் தெரியும். அதிமதுரம் அளவு மீறினால் பொட்டாசியத்தைக் குறைத்து பிரஷரை ஏற்றும். அதை நிறுத்தச் சொன்னோம். டாக்டரும் பார்த்தார். மூன்று வாரத்தில் அளவு இறங்கியது.

கால் வீங்குகிறது என்று அம்லோடிபினைத் தானாக நிறுத்துகிறவர்கள், எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரையால் வறட்டு இருமல் வந்து இருமல் மருந்து கேட்டு வருகிறவர்கள், இவர்களையும் முதலில் பார்ப்பது நாங்கள்தான். இருமலுக்கு சிரப் கொடுத்து அனுப்புவது சுலபம். "எப்ப இருந்து இருமல்? பிரஷர் மாத்திரை மாத்தினாங்களா?" என்று கேட்டால்தான் சங்கதி வெளியே வரும்.

மணிமுத்தாறு:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா ஆறு வருடம் பிரஷர் மாத்திரை சாப்பிட்டார். ஒரே தெருமுனைக் கடையில்தான், மாதம் முதல் வாரம் போய் மூன்று அட்டை வாங்குவார். ஒருநாள் அளந்து பார்த்ததில் 126/78 வந்தது. "நார்மல் ஆயிடுச்சு, இனி எதுக்கு" என்று நிறுத்திவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. நான் சென்னையில் இருக்கிறேன், போனில் "மாத்திரை போடறீங்களாப்பா" என்றால் "ம்" என்பார். ஏழு மாதம் கழித்துப் பக்கவாதம். வலது கை இன்னும் சரியாக வரவில்லை, பேச்சு குழறுகிறது.

பிறகு மாத்திரை வாங்க அதே கடைக்கு நான் போனேன். கடைக்காரர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "நானும் நினைச்சேன், ஐயாவை ரொம்ப நாளா காணோமேன்னு" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய வேலை அது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அப்பா மாத்திரையை நிறுத்தியது இந்த உலகத்திலேயே அந்த ஒருவருக்குத்தான் தெரிய வாய்ப்பிருந்தது. எனக்கோ அம்மாவுக்கோ டாக்டருக்கோ அது தெரிய வழியே இல்லை.

வேப்பமரத்தடி அண்ணே, எதுவரை நம் வேலை என்று கேட்டீர்கள். என்னிடம் கேட்டால், வந்தவருக்கு அளப்பதை விட, வராமல் போனவரைத் தேடுவதுதான்.

கீழ்வானம்:

தம்பி, அப்பாவுக்கு பிசியோதெரபியை விட்டுவிடாதீர்கள். மாதங்கள் கழித்தும் கை தேறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சொன்னதுதான் இந்த இழையின் மையம் என்று நினைக்கிறேன். 126 வந்தது மாத்திரையால்தான், மாத்திரை தேவையில்லை என்பதால் அல்ல. இதை நான் ஒரு நாளில் முப்பது பேரிடம் சொல்கிறேன், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் அவர்களைப் பார்க்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் எழுதிவிடுகிறேன், கடைக்காரர்கள் படிப்பதால். 180/120-க்கு மேல் இருந்து, நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலமின்மை, பார்வை மங்கல் இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். கடையில் உட்கார வைத்து நாக்குக்கு அடியில் நிஃபெடிபின் என்ற பிரஷர் குளிகையைப் பிழியும் பழைய பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். சடாரென்று பிரஷர் இறங்கினால் மூளைக்குப் போகிற ரத்தம் குறைந்து, பக்கவாதமே வரலாம்.

கரிசல்காடு:

அம்மா இப்போது பரவாயில்லை, கட்டுப் பிரித்தாயிற்று. கேட்டதற்கு நன்றி.

மணிமுத்தாறு எழுதியதைப் படித்தபின் என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. பெயரையும் போன் நம்பரையும் நோட்டில் எழுதி வைத்தால், அது கல்லா மேல் திறந்து கிடக்குமே? எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது "மாத்திரை சாப்பிடறாளாம்" என்று பேச்சு வந்து நின்றுபோனது.

வேப்பமரத்தடி:

நியாயமான பயம். எழுதலாமா என்று கேட்டு, சரி என்றவர்களை மட்டும் எழுதுகிறேன். நோட்டு மேசை டிராயரில், சாவி என்னிடம். போனில் கூப்பிட்டாலும் வேறு யாராவது எடுத்தால் மாத்திரை பற்றிப் பேசுவதில்லை, "கடைக்கு ஒரு எட்டு வரச் சொல்லுங்க" என்பதோடு வைத்துவிடுவேன்.

பத்து நாள் ஆயிற்று, நடந்ததைச் சொல்கிறேன். முப்பது நாள் மாத்திரை வாங்கியவர் முப்பத்தைந்தாவது நாளும் வரவில்லை என்றால் கூப்பிடுவது என்று வைத்துக்கொண்டேன். ஆறு பேரைக் கூப்பிட்டேன். இரண்டு பேர் முதல்வர் மருந்தகத்தில் விலை குறைவு என்று அங்கே வாங்குகிறார்கள். நல்லது, சாப்பிட்டால் போதும். ஒருவர் மதுரையில் மகள் வீட்டில் இருக்கிறார், அங்கே வாங்கிவிட்டார். ஒருவர் போன் எடுக்கவில்லை. ஒருவருக்குக் கையில் காசில்லை. அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், அங்கே இலவசமாகக் கிடைக்கும் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

ஆறாவது, மேலத்தெரு ஆத்தா ஒருவர். "நீதானப்பா போன தடவை பார்த்துட்டு நல்லாருக்குன்னு சொன்ன, அதான் நிறுத்திட்டேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சொன்னது உண்மைதான். நல்லாயிருக்கு என்று மட்டும் சொன்னேன், மாத்திரையால் நல்லாயிருக்கு, விடாமல் சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. அன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், 168/96. அடுத்த நாள் காலையில் அவர் பேரன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். பழைய மாத்திரையையே மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் அளக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

போன் எடுக்காதவரின் வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். நாளைக்கு ஞாயிறு, கடை மதியத்தோடு அடைப்பு. நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.